ஏசி நேரத்தைக் குறைக்கும் சீலிங் ஃபேன்: டர்பனிலிருந்து லெனேசியா வரை தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீலிங் ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. உடம்பைச் சுற்றி நிற்கும் சூடான ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு வியர்வையை உலர வைக்கிறது. தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டினாலும் நமக்கு 25, 26 போலத் தோன்றும். இதை மறந்துவிட்டுத்தான் பலரும் ஃபேன் மாட்டுகிறார்கள். ஏசியை முன்புபோல 20 டிகிரியிலேயே ஓடவிட்டு, ஃபேனையும் கூடவே சுழலவிட்டால், செலவு கூடுமே தவிர குறையாது.

மின்சாரம் மிச்சமாவது ஏசியை அணைத்தால், அல்லது அதன் வெப்பநிலையை நன்றாக ஏற்றி வைத்தால் மட்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நேராகக் கடைக்குப் போய் ஃபேன் வாங்கிவந்து, அதன்பிறகு கூரை உயரத்தை அளப்பதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு.

1. முதலில் மீட்டரைப் பாருங்கள்

இப்போது எவ்வளவு செலவாகிறது என்று தெரியாவிட்டால், பிறகு எவ்வளவு மிச்சமானது என்பதும் தெரியாது. ப்ரீபெய்ட் மீட்டர் வீட்டில் இருந்தால் இந்த வேலை எளிது. படுக்கும்போது மீதமுள்ள யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் எழுந்ததும் மறுபடி குறியுங்கள். கீசரின் பிரேக்கரை இரவு முழுவதும் அணைத்து வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அதிக மின்சாரம் இழுப்பது கீசர்தான். அது நடுவில் ஓடினால் கணக்கு குழம்பிவிடும். ஏசி போட்ட மூன்று இரவும், ஃபேன் மாட்டிய பிறகு அதை மட்டும் போட்ட மூன்று இரவும் குறித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்று அறிய இன்னொரு வழி உண்டு. மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். அதன் அருகே 1000 என்று அச்சிட்டிருந்தால், ஒரு யூனிட்டுக்கு 1000 முறை சிமிட்டும் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை வினாடி என்று பாருங்கள். 3600ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 51 வினாடி என்றால் சுமார் 70 வாட், 5 வினாடி என்றால் சுமார் 720 வாட். மீட்டரில் வேறு எண் இருந்தால் 36,00,000ஐ அந்த எண்ணாலும் வினாடியாலும் வகுக்க வேண்டும். அளந்து முடித்ததும் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

2. வெயிலை வெளியே நிறுத்துங்கள்

ஃபேன் இருக்கிற காற்றைத்தான் சுழற்றும். ஜன்னல் வழியாக வெயில் கொட்டும் அறையில் அது சூடான காற்றையே மேலும் கீழும் அனுப்பும்.

இந்தியாவில் எழுதிய குறிப்புகளைப் படிப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் நீளமாக வெயில் வருவது வடக்கு ஜன்னல் வழியாக. தை மாதம், அதாவது நம் கோடை உச்சத்தில், டர்பனில் மதிய சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருக்கும். அப்போது வீட்டைச் சுடவைப்பவை கூரையும் மேற்கு ஜன்னலும்தான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் கொடுங்கள். வெளியே நிழல் இருந்தால் கண்ணாடியே சூடாகாது. உள்ளே போட்ட திரை, வெப்பம் நுழைந்த பிறகுதான் அதைத் தடுக்கும்.

சீலிங் போர்டுக்கு மேல் இன்சுலேஷன் இல்லாத வீட்டில், ஃபேன் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் அதற்குச் செலவிடுவது மேல். தகரக் கூரை வீடுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

3. கூரை உயரமும் அறை அளவும்

தரையிலிருந்து இறக்கை வரை 2.3 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றே பெரும்பாலான ஃபேன்களின் தாளில் இருக்கும். இறக்கைக்கும் சீலிங்குக்கும் இடையே 20 முதல் 30 செ.மீ. வேண்டும். மேலே இடம் இல்லாவிட்டால் இறக்கைக்கு இழுக்கக் காற்று கிடைக்காது; சத்தம் வரும், காற்று வராது. இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது 45 செ.மீ. விடுங்கள்.

தரையிலிருந்தும் சீலிங்கிலிருந்தும் விட வேண்டிய இரண்டு அளவையும் கூட்டினால் முடிவு தானாக வரும். 2.4 மீட்டர் சீலிங் உள்ள அறைக்குச் சீலிங் ஃபேன் சரிப்படாது. பிள்ளைகள் கட்டிலில் நின்று கையை உயர்த்தும் அறை என்றால் பேச்சே இல்லை. அங்கே சுவர் ஃபேன் மாட்டுங்கள். 2.55 முதல் 2.7 மீட்டர் வரை இருந்தால் கட்டையான ராடு உள்ள ஃபேன். அதற்கு மேல் இருந்தால் ராடை நீட்டி, இறக்கை 2.4 மீட்டர் உயரத்தில் நிற்குமாறு இறக்குங்கள். உயரமான கூரையில் ஒட்டி மாட்டிய ஃபேனின் காற்று ஆள் இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் வேகம் இழந்துவிடும்.

இறக்கை அகலம்: 9 சதுர மீட்டர் வரையான அறைக்கு 900 மி.மீ. போதும். 14 வரை 1200, 20 வரை 1400. அதைவிடப் பெரிய லாஞ்ச், அதாவது வரவேற்பறை, என்றால் ஒரு பெரிய ஃபேனைவிட இரண்டு நடுத்தர ஃபேன்கள் நல்லது, ஆள் இருக்கும் பக்கத்தை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

அறையின் நடுவே மாட்டுவது வழக்கம். ஆனால் படுக்கையறையில் நடுப்புள்ளி அல்ல, கட்டில்தான் முக்கியம். இறக்கை வட்டத்தின் விளிம்பு படுத்திருப்பவரின் மார்புக்கு நேராக வந்தால் குறைந்த வேகமே போதும். ஃபேனின் மையத்துக்கு நேர் கீழே காற்று குறைவு. சாமி அறையிலும், விளக்கு மாடம் தெரியும் இடத்திலும் மாட்டாதீர்கள். விளக்கு அணையும் என்று நாளும் இருமுறை அணைத்துவிட்டு, பிறகு போடவே மறந்துபோகும் ஃபேன்கள் நிறைய உண்டு. சீலிங்கில் பதித்த விளக்குகள் இறக்கை வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும், தலைவலி வரும்.

4. எந்த ஃபேன் வாங்குவது

பெட்டியில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று, எத்தனை வாட். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 210 கன மீட்டர், 70 வாட் என்றால் 3. அதே காற்றை 30 வாட்டில் தரும் ஃபேன் 7. எண் பெரிதாக இருந்தால் அந்த ஃபேன் சிக்கனமானது. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் முதலில் 60ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எண்களே இல்லாமல் அழகை மட்டும் காட்டும் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

சாதாரண மோட்டார் உள்ள 1200 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில் 65 முதல் 80 வாட் இழுக்கும். பிஎல்டிசி (BLDC) எனப்படும் பிரஷ் இல்லாத டிசி மோட்டார் 28 முதல் 35 வாட். இடைவேகத்தில் வித்தியாசம் இன்னும் கூடும்: பிஎல்டிசி 10, 12 வாட்டுக்கு இறங்கிவிடும், சாதாரண மோட்டார் முழு வேகத்தின் பாதி அளவில்தான் நிற்கும்.

விலை கூடுதல்தான். இரவில் மட்டும் எட்டு மணி நேரம் ஓடினால், முழு வேகத்தில் மாதம் 16.8 யூனிட்டுக்குப் பதில் 7.2. பகலும் இரவும் ஓடும் லாஞ்சுக்கு அந்தக் கூடுதல் விலை சீக்கிரம் திரும்பிவிடும். எப்போதோ விருந்தினர் வரும் அறைக்குத் தேவையில்லை.

நான்கைந்து பல்பு தொங்கும் அலங்கார ஃபேன்களில் இறக்கை பெரும்பாலும் குறுகலாகவும் தட்டையாகவும் இருக்கும். இறக்கை போதிய அளவு சாய்ந்திருந்தால்தான் காற்று கீழே இறங்கும். விளக்கு வேண்டும் என்றால் எல்இடி மட்டும் போடுங்கள். ஹாலோஜன் பல்பு ஃபேனைவிட அதிகம் இழுத்து, அறையையும் சூடாக்கும்.

5. தாங்கும் இடம்

ஆபத்தான தவறுகள் அதிகம் நடக்கும் படி இது. அவசரப்படாதீர்கள்.

ஜிப்சம் சீலிங் போர்டு ஃபேனைத் தாங்காது. அதைப் பிடித்திருக்கும் 38 மி.மீ. சிறு சட்டங்களும் தாங்காது. ஃபேன் 4 முதல் 6 கிலோ எடைதான் என்று நினைக்கலாம். ஆனால் அது சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் திருகைக் கொஞ்சம் அசைக்கும். மாதக்கணக்கில் அசைந்தால் மரத்தில் துளை பெரிதாகிவிடும். பழைய விளக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஃபேனைத் தொங்கவிடுவது இதனால்தான் கூடாது. அந்த இடம் அரைக் கிலோ விளக்குக்காகச் செய்தது.

மேலே ஏறிக் கூரைச் சட்டங்களைப் பாருங்கள். ஓட்டுக் கூரை வீடுகளில் கிடைச்சட்டங்கள் பொதுவாக 750 மி.மீ. இடைவெளியில் இருக்கும். ஃபேன் வரவேண்டிய இடம் இரண்டு சட்டங்களுக்கு நடுவே விழுந்தால், 38க்கு 114 மி.மீ. அளவுள்ள குறுக்குக் கட்டை ஒன்றை இரு சட்டங்களுக்கும் இடையே வைத்து, இரு முனையிலும் இரும்பு எல்-பட்டை போட்டுத் திருகுங்கள். ஆணி மட்டும் போதாது, அதிர்வில் ஆணி கழன்று வரும். கூரைச் சட்டத்தை வெட்டவோ அதில் வெட்டுக்குழி போடவோ கூடாது. அது கூரையின் பாரத்தைச் சுமக்கிறது.

ஃபேனின் பிடிப்பட்டையைக் குறுக்குக் கட்டையில் திருகுமுன் மெல்லிய துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், மரம் பிளக்காது. திருகு, போர்டின் தடிமன் போக மரத்துக்குள் குறைந்தது 50 மி.மீ. இறங்க வேண்டும். ஃபேனை மாட்டுவதற்கு முன் அதே பிடியில் ஃபேன் எடையின் நான்கு மடங்கைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள். 6 கிலோ ஃபேனுக்கு 24 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று இதற்குக் கச்சிதம். ஒரு மணி நேரம் தொங்கட்டும். போர்டில் விரிசலோ பிடியில் இடைவெளியோ தெரிந்தால் மறுபடி கட்டுங்கள். பெட்டியில் பாதுகாப்புக் கம்பி இருந்தால் அதை வேறொரு திருகில் தனியாகக் கட்டுங்கள். ஒரே திருகில் கட்டினால் அந்தத் திருகு கழலும்போது இரண்டும் சேர்ந்து விழும்.

ஒதுக்கி வைத்த இன்சுலேஷனைத் திரும்பப் பரப்பிவிட்டு இறங்குங்கள். பலர் மறக்கிறார்கள், பிறகு ஃபேன் இருக்கும் இடமே அறையில் சூடான இடமாகிறது.

ஃபிளாட்டில் கான்கிரீட் தளம் என்றால் 8 அல்லது 10 மி.மீ. விரியும் போல்ட் போடுங்கள். துளையின் தூசியை முழுவதும் ஊதி எடுத்த பிறகே போல்ட்டை இறக்குங்கள். தூசி இருந்தால் பிடிப்பு குறையும்.

பழைய வீடுகளில் கூரையோ சீலிங்கோ அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். 2008இல்தான் தென்னாப்பிரிக்கா அஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் போன்ற இடங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே கட்டிய வீடுகள் ஏராளம். சந்தேகம் இருந்தால் துளையிடாதீர்கள், தேய்க்காதீர்கள், உடைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். பரிசோதித்துச் சொல்லும் ஆளை அழைத்த பிறகே மேற்கொண்டு யோசியுங்கள்.

6. மின் இணைப்பு

புதிதாக ஒரு இணைப்பு இழுப்பது பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. வேலை முடிந்ததும் மின் இணைப்பு விதிப்படி இருக்கிறது என்று காட்டும் சிஓசி (CoC) சான்றிதழ் வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும்போதும், காப்பீடு கேட்கும்போதும் அது தேவைப்படும்.

ஆனாலும் நீங்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் எலக்ட்ரீஷியனே சில சமயம் தவறவிடுகிறார். நம் வீட்டுச் சுவருக்குள் சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல். அமெரிக்க முறையில் செய்த ஃபேன்களிலோ கருப்பு மோட்டாரின் லைவ், நீலம் விளக்கின் லைவ், வெள்ளை நியூட்ரல். நிறத்தைப் பார்த்துக் கருப்போடு கருப்பைச் சேர்த்தால் தவறாகிவிடும். நிறத்தை நம்பாமல் ஃபேனோடு வந்த தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் கம்பி கட்டாயம். இரும்பு உடல் உள்ள ஃபேனில் அதை விட்டுவிடக் கூடாது.

விளக்கின் டிம்மரை ஃபேனுக்கு இணைக்காதீர்கள். மோட்டார் முனகும், சூடாகும், சீக்கிரம் கெட்டுப்போகும். பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்தால் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குறைந்த வேகத்தில் நீங்கள் மிச்சப்படுத்தியதாக நினைக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே வெப்பமாகப் போகிறது. கெபாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாறுங்கள். பிஎல்டிசி ஃபேனுக்குச் சுவர் ரெகுலேட்டரே கூடாது, அதன் ரிமோட் மட்டும் போதும்.

7. ஆட்டத்தைச் சரிசெய்தல்

ஆடும் ஃபேனைப் பயத்தில் யாரும் வேகமாக வைப்பதில்லை. பிறகு ஏசியைப் போட்டுவிடுவார்கள். சிக்கனத்துக்கு ஆட்டம் தடையாவது இப்படித்தான்.

முதலில் எல்லாத் திருகையும் இறுக்குங்கள். அடுத்து, சீலிங்கிலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் உள்ள தூரத்தை ஒரே இடத்தில் நின்று அளங்கள். இறக்கையை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், நீங்கள் நகராதீர்கள். 3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் அந்த இறக்கையின் பிடியை மெல்ல வளைத்து நேராக்குங்கள். அளவு சரியாக இருந்தும் ஆடினால் பெட்டியில் வரும் சிறு எடையை ஒவ்வொரு இறக்கையிலும் வைத்துப் பார்த்து, ஆட்டம் குறையும் இடத்தில் ஒட்டுங்கள். இறக்கைகளை வேறொரு ஃபேனோடு மாற்றிக்கொள்ளாதீர்கள், அவை ஒரே எடையில் தேர்ந்து ஒரு பெட்டிக்குள் வைத்தவை.

8. ஏசியோடு சேர்த்து ஓட்டும் முறை

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் இதன் நுணுக்கம் புரியும். இரவில் சராசரி 600 வாட் இழுக்கும் ஏசி எட்டு மணி நேரத்தில் 4.8 யூனிட் எடுக்கும். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது இந்தியாவின் ஆற்றல் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 22இலிருந்து 25க்கு ஏற்றினால் 18 சதவீதம், அதாவது 0.86 யூனிட். பழைய 70 வாட் ஃபேனை முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓட்டினால் அதில் 0.56 போய்விடும். பிஎல்டிசி ஃபேன் 12 வாட்டில் இடைவேகம் என்றால் போவது 0.1 மட்டும்.

ஆகவே ஒரு டிகிரி, இரண்டு டிகிரி ஏற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். ஏசி 26, ஃபேன் இடைவேகம் என்று தொடங்குங்கள். படுத்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஏசி தானாக அணையும்படி டைமர் வையுங்கள், ஃபேன் விடியும்வரை ஓடட்டும். பெரிய மிச்சம் இந்த டைமரில்தான் இருக்கிறது. ஏசி அணைந்த பிறகு வெளியே குளிர்ந்திருந்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடலாம். ஏசி ஓடும்போது மட்டும் திறக்கக் கூடாது.

சீக்கிரம் குளிரட்டும் என்று 18 வைப்பதில் பயன் குறைவு. சாதாரண ஏசி 18இலும் 26இலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும்; 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடக் கூடாது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி அந்த அறையிலேயே தங்குகிறது. 70 வாட் ஃபேன் நாளும் ஐந்து மணி நேரம் வீணே ஓடினால் மாதம் 10.5 யூனிட்.

வெயில் கடுமையான நாட்களில் ஒரு எச்சரிக்கை. அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாட்டி, தாத்தா இருக்கும் வீட்டில் அன்று சிக்கனம் பார்க்காதீர்கள். ஏசி உள்ள அறைக்கு அவர்களை மாற்றுங்கள், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

9. சுழலும் திசையும் குளிர்காலமும்

தெற்கு அரைக்கோளத்தில் ஃபேனை எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. காற்று மேலே போகுமா கீழே வருமா என்பது இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபேனுக்குக் கீழே நின்று ஒரு டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். கீழே தள்ளினால் கோடைத் திசை. திசை மாற்றும் பொத்தானை ஃபேன் முழுவதும் நின்ற பிறகே தொடுங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் லெனேசியாவிலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் ஹீட்டர் போடும் வீடுகளில், திசையை மாற்றி மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் மேலே தேங்கிய சூடு சுவரோரமாகக் கீழே வரும். உடம்பில் காற்று படுவதை உணர்ந்தால் வேகம் அதிகம் என்று பொருள். 3 மீட்டருக்கு மேல் உயரமான கூரைக்கே இது நல்ல பலன் தரும். 2.6 மீட்டர் சீலிங்கில் மேலுக்கும் கீழுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. டர்பனில் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

10. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால்

மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் மின்சாரத்தின் அலை சீராக இருக்காது. அதில் சாதாரண மோட்டார் முனகிச் சூடாகும், எனவே தூய சைன் அலை தருவதாகப் போட்டிருக்கும் இன்வெர்ட்டரையே வாங்குங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில், இன்வெர்ட்டரின் இழப்பு போக ஏறத்தாழ ஒரு யூனிட் கிடைக்கும். 70 வாட் ஃபேன் அதில் சுமார் 14 மணி நேரம் ஓடும், 30 வாட் ஃபேன் அதன் இரு மடங்குக்கு மேல்.

11. ஆண்டுக்கு ஒருமுறை

புரட்டாசியில் வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஃபேனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கோடை தொடங்குமுன் முடிந்துவிடும். பிரேக்கரை அணைத்துவிட்டு இறக்கையின் முன்விளிம்பை நன்றாகத் துடையுங்கள். காற்றைக் கிழிக்கும் விளிம்பு அதுதான், அங்கே தடித்த தூசி காற்றைக் குறைக்கும். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி படுக்கையில் விழாது. ஒரு கையால் இறக்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள், அழுத்தினால் வளைந்துவிடும்.

முன்பு நன்றாக ஓடிய ஃபேன் முழு வேகத்திலும் மந்தமாகச் சுற்றினால், கையால் தள்ளினால்தான் கிளம்பினால், பெரும்பாலும் கெபாசிட்டர் தேய்ந்திருக்கும். புதிய ஃபேன் வாங்கிவிடாதீர்கள். பழையதில் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரட் எண், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்கி மாற்றச் சொல்லுங்கள். வேகம் கூடும் என்று பெரிய எண் போட்டால் மோட்டார் சுருள் எரிந்துவிடும். கெபாசிட்டர் மாற்றியும் மந்தமாகவே இருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். கரகரவென்று சத்தம் கேட்டால் பேரிங் போய்விட்டது.